சாம்பலின் வலது கண்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா, லாயத்தில் இருக்கும் குதிரைகள் எல்லோரும் நலம். நீ நலமா? தலைவலி வருகிறது என்றாயே, போய்விட்டதா?

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இந்தக் கடிதத்துக்கும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களுக்கும் பொருந்தும். போனில் நீ "ம்", "சரி" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறாய். அப்பா பக்கத்தில் நின்றால் அதிலும் ஒன்று குறைந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ போன பிறகு உன் வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலையில் லத்தி அள்ளுவதும் தண்ணீர்த் தொட்டி தேய்ப்பதும் என் பங்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குதிரைகளைத் தேய்த்துவிட்டுக் குளம்பு சுத்தம் செய்கிறேன். சவாரி கற்க வரும் குழந்தைகளுக்கு அப்பாவே சேணம் கட்டிக் கொடுக்கிறார். நம் குட்டைக் குதிரை மத்தளத்தின் வயிறு பெயருக்கு ஏற்றபடி இன்னும் பெருத்துவிட்டது. "வீட்டுல ஒருத்தராவது ஒழுங்கா சாப்பிடுறாங்களே" என்று அம்மா அதை மெச்சிக்கொள்கிறாள்.

குதிரைகளில் சாம்பல் மட்டும் சரியில்லை. தீனி தின்கிறாள், நடக்கிறாள். ஆனால் சாலையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் காதைத் திருப்புகிறாள். தலையின் வலப்பக்கம் யாரையும் கை வைக்க விடுவதில்லை. நம்மிடம் வருவதற்கு முன் யாரிடமோ அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறாள் என்று அப்பா சொல்வாரே, அந்தப் பயம். உன் கைக்கு மட்டும்தான் விலக்கு இருந்தது. இப்போது அந்தக் கையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை


ஜூன் 21

அன்பு முந்திரிக்கொட்டைக்கு,

நலமே. தலைவலி போய்விட்டது, அறைக்கு எதிரே இரும்புக் கடை இருப்பதால் காதுவலி வந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பொறியாளர் அலுவலகத்தில் என்னை ஜன்னல் பக்கத்து மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போது ஒரு பாலத்துக்கு வரைபடம் போடுகிறேன். ஒரு கோடு தப்பினால் அலுவலகப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவ்வளவுதான், திட்டுவதில்லை. அவர் திட்டினால்கூடத் தேவலை.

சாம்பலுக்குத் தண்ணீர் வாளியை மாற்றாதே, பழைய நசுங்கின வாளியே இருக்கட்டும். வாலைச் சிக்கெடுக்கும்போது நேர் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில். மத்தளத்தைப் பட்டினி போடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம். மற்றபடி எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உரக்கப் படித்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா கடிவாள வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை ஒரே வாருக்கு எண்ணெய் போட்டார். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கமும் காலியாக இருப்பதைக் காட்டினேன். அம்மாவின் முழங்கால், சாம்பலின் வாளி, மத்தளத்தின் வயிறு எல்லாம் அதில் இருக்கின்றன. அப்பாவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நான் குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

அவரிடமும் கேட்டேன், அக்காவுக்கு என்ன எழுதட்டும் என்று. "நீ எழுதுறியே, போதும்" என்றார். நான் அவரிடம் கேட்டதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

சென்ற வாரம் சாம்பல் மேய்ச்சல் திடலிலிருந்து லாயத்துக்கு வர மறுத்துவிட்டாள். நான் தலைக்கயிற்றோடு பக்கத்தில் போனால் அவள் அடுத்த மூலைக்குப் போனாள். அப்பா என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். திடலின் நடுவே போய், அவளுக்கு முதுகு காட்டி, வேலியைப் பார்த்தபடி நின்றார். கூப்பிடவே இல்லை. நான் வேலி மேல் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதும் படித்து முடித்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால் சாம்பல் அவர் தோள்பட்டையில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறாள். "துரத்தினா ஓடும். வழியை விட்டுட்டு நின்னா தானா வரும்" என்றார். அவருக்குப் பொறுமை இருக்கிறது. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

உன் தங்கை


ஜூலை 24

அக்கா,

இது அவசரக் கடிதம். எங்களுக்கு ஒன்றுமில்லை. நீ நலமென்று நம்புகிறேன்.

சாம்பலின் வலது கண்ணில் புண். நேற்றுக் காலை அந்தக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், கன்னத்தில் நீர் வழிந்து கோடாக இருந்தது. டாக்டரம்மா வந்து மயக்க ஊசி போட்டு, கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. புல்கட்டிலிருந்த முரட்டுத் தண்டு குத்தியிருக்கலாமாம். பகல் முழுக்க விட்டுவிட்டுச் சொட்டு மருந்து விட வேண்டும், விடாமல் இருந்தால் புண் ஆழமாகிப் பார்வை போய்விடும் என்றார்.

ஆனால் அந்தப் பக்கம் கை போனாலே தலையைத் தூக்கிவிடுகிறாள். அப்பா முயன்றார், மருந்து அவர் சட்டையில் விழுந்தது. கயிற்றால் இறுக்கிக் கட்டி ஊற்றலாமா என்று கேட்டேன். கட்டினால் இழுத்துக்கொண்டு முட்டிக்கொள்வாள், புண்பட்ட கண் கிழிந்துபோகும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒவ்வொரு வேளைக்கும் மயக்க ஊசி போடவும் முடியாது. ஒரு வாரத்துக்குள் அவளாக நிற்கப் பழகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேண்டும், அங்கே கண்ணையே எடுக்கும்படி ஆகலாம்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். டாக்டரம்மா புண் என்று சொன்னதும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி நீ வந்துதானே ஆக வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நொடி வெட்கமாகிவிட்டது.

வா அக்கா.

தங்கை


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பால வரைபடம் இந்த வாரம் முடிய வேண்டும், விடுப்பு கேட்க முடியாது.

கவனமாகப் படி. மருந்துப் புட்டியோடு அவளிடம் போகாதே. முதலில் வெறும் கையோடு போ. கழுத்திலிருந்து தொடங்கு. அவள் தலையைத் தூக்கப்போகிறாள் என்று தெரிந்தால், அவள் தூக்குவதற்கு முன் நீயே கையை எடுத்துவிடு. அவள் நகர்ந்த பிறகு எடுத்தால், நகர்ந்தால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்வாள். முன்பே எடுத்தால், அசையாமல் நின்றாலே கை விலகிவிடும் என்று கற்றுக்கொள்வாள். பெரிய வித்தியாசம்.

உன்னால் முடியும். அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைவு. உன் பாலம் முடிந்ததா?

உன் கடிதம் வருவதற்கு முன் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சேணம் வைக்கிற அறையில் மாட்டியிருக்கும் உன் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, உன்னைப் போலவே நாக்கால் சத்தம் கொடுத்துக்கொண்டு சாம்பலிடம் போனேன். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் என்னைக் கண்டதும் கனைத்தாள், அக்கா. நேரே வந்து கோட்டின் கையில் மூக்கைப் புதைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கண்ணருகே கையைக் கொண்டுபோனேன். ஒரே துள்ளலில் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். அன்று மாலை கோட்டில்லாமல் போனபோதும் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோட்டை வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீ உங்க அக்கா இல்லைன்னு அதுக்குத் தெரியும். நீ யாருன்னுதான் இன்னும் தெரியல. அதைச் சொல்லிட்டு வா."

மறுநாள் உன் கடிதமும் வந்தது. அதனால் என் சட்டையோடு, என் குரலோடு போனேன். எனக்கு உன்னைப் போல நாக்கால் சத்தம் கொடுக்கத் தெரியாது என்பதால் வரலாற்றுப் பாடம் ஒப்பித்தேன். கழுத்து, பிறகு தாடை, பிறகு எடுத்துவிடுவது. முன்பே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது எளிதல்ல. காது விறைப்பதற்கு முன் மூக்குத் துளை சுருங்குகிறது, அதைப் பார்த்துக் கையை எடுக்க வேண்டும். சில நேரம் நான் தாமதம், அப்போது மறுபடி கழுத்திலிருந்து. ஒரு மன்னரின் முழு ஆட்சிக்காலமும் முடிந்த பிறகு கன்னத்தில் கை வைக்க விட்டாள். அப்பா திடலில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை, ஆனால் அவர் முறுக்கிய கம்பி ஏற்கெனவே முறுக்கியிருந்த கம்பி.

பிறகு வெந்நீரில் நனைத்த துணி. பிறகு காலிப் புட்டி. பிறகு மருந்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, இமையை விரலால் மெல்லத் தூக்கி, ஒரு சொட்டு. அவள் இமைத்தாள். தலையைத் தாழ்த்தி, பயம் விட்ட குதிரை போல வெறும் வாயை மென்றாள்.

ஆஸ்பத்திரி வண்டி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புண் ஆறிவருகிறதாம், ஆனால் தழும்பு இருக்குமா என்று இன்னும் தெரியாது. தொடர்ந்து விட வேண்டும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 16

அன்பு முந்திரிக்கொட்டைக்கு,

நலம். உன் கடிதத்தை மதிய உணவு நேரத்தில் படித்துவிட்டுக் கோடு போட்டேன், கோடு வளைந்துவிட்டது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். பரவாயில்லை.

கெட்டிக்காரி. இனி வேளை தவறாமல் விடு. ஒன்று மட்டும். அந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நிற்காதே. அவள் அசைந்தால் வாளி உருளும், உன் கால் அவள் காலுக்கு நடுவே போகும். சேணம் வைக்கிற மரமேடை அகலமானது, அதைப் போட்டுக்கொள்.

அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது, அம்மா தேய்க்கிறாள். எல்லோரும் நலம்.

மரமேடை போட்டுக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வாளி மேல் ஏறி நின்றதை நான் உனக்கு எழுதவே இல்லை. நான் குள்ளம் என்று கேலி செய்வாய் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன். எதையும் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒன்றைக் குறைத்தது தப்புதான். அம்மாவிடம் கேட்டேன், அவள் உனக்குப் போன் செய்யவில்லையாம். அப்பாவிடம் கேட்கவே வேண்டாம்.

மருந்து விடத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது சாம்பல் தலையைத் தூக்கித் தீவனக் கொட்டகைப் பக்கம் பார்த்துக் கனைத்தாள். அங்கே யாருமில்லை என்று நினைத்தேன்.

யார் நின்றார்கள், அக்கா?

தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. நீ நலம்தானே? இங்கே மழை. பழைய கேள்விக்குப் பதில் வேண்டாம், நலம் என்று மட்டுமாவது எழுது.

தங்கை


செப்டம்பர் 13

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னி. அம்மாவுக்கு வலி குறைந்ததா?

நான்தான் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வருவதாகத்தான் கிளம்பினேன். கொட்டகை வரை வந்ததும் உன்னைப் பார்த்தேன், வாளி மேல் நின்று மன்னர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாய். சாம்பல் நின்ற அழகைப் பார்த்தபோது எனக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்தது. ஆனாலும் வந்திருப்பேன். அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார், எனக்கு முதுகு காட்டி. சாம்பல் கனைத்தபோதுகூடத் திரும்பவில்லை. நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றும் அதே முதுகைத்தான் பார்த்தேன். கிழக் குதிரையின் குளம்பைப் பிடித்துக்கொண்டு "சரி" என்றார், நிமிரவே இல்லை. பஸ்ஸுக்கும் வரவில்லை. என்னை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவரிடம் என்ன பேசுவது? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

மேலே உள்ள பத்தியை வீட்டில் உரக்கப் படிக்காதே.

சாம்பலின் கண்ணைப் பற்றி எழுது.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி நடந்தது.

எச்சரிக்கையைப் பத்திக்குப் பின்னால் எழுதியிருக்கிறாய். நான் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்கிறவள். சாப்பாட்டுக்குப் பிறகு உறையைப் பிரித்து அப்படியே படித்துக்கொண்டு போனேன். "அப்பா மூலையில்" என்ற இடத்தில் தயங்கி நிறுத்தினேன். அப்பா, "படி" என்றார். படித்தேன். "உரக்கப் படிக்காதே" என்பதையும் உரக்கப் படித்துவிட்டேன். இனிமேல் முன்னால் எழுது.

அப்பா வாரையும் எண்ணெய்த் துணியையும் கீழே வைத்தார். பிறகு அவர் அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.

"வந்தது தெரியும். சாம்பல் வேற யாருக்கும் அப்படிக் கனைக்காது. திரும்பிப் பாத்தா போயிடுவாளோன்னு இருந்துட்டேன். வழியை விட்டுட்டு நின்னா தானா வருவான்னு நெனச்சேன்."

"அவ என்ன குதிரையா?" என்றாள் அம்மா.

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பா மறுபடி வாரை எடுக்கப் போனார். அம்மா விடவில்லை. "வேலைக்குப் போறேன்னு வந்து நின்னப்பவும் இதே வித்தைதானா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். போகாதே என்று சொன்னால் நீ போகாமல் இருந்துவிடுவாய், அது உன்னை இழுத்துக் கட்டுகிற மாதிரி, போ என்று சொன்னால் விரட்டுகிற மாதிரி, அதனால் "சரி" என்றாராம். பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் தன் முகத்தைப் பார்த்து நீ இறங்கிவிடுவாய் என்று வரவில்லையாம். இத்தனை யோசனையும் உள்ளே நடந்திருக்கிறது, அக்கா. வெளியே முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பொண்ணுக்கு மூஞ்சியக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இதை நான் உனக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "எழுது" என்றார்.

சாம்பலின் புண் முழுக்க ஆறிவிட்டது. கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது, பார்வை இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதலில் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

உன் தங்கை


செப்டம்பர் 20

தங்கைக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு நாள் விடுப்பு.

இதை உரக்கப் படிக்கலாம்.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம். நீ இருந்தபோது நடந்ததை எல்லாம் நீயே பார்த்தாய், அதை எழுத மாட்டேன். நீ பார்க்காததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே அப்பா நிறுத்தத்துக்குப் போய்விட்டார். வேறு ஊர் பஸ் ஒன்று நின்றபோது அதன் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தாராம், டீக்கடைக்காரர் சொன்னார். நீ இறங்கியதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தீர்களே, நான் வேண்டுமென்றே பின்தங்கி வந்தேன். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. மிகவும் கஷ்டப்பட்டுத்தான் கேட்காமல் இருக்கிறேன்.

நேற்று உன் பஸ் கிளம்பிய பிறகு அவர் நேரே லாயத்துக்குத்தான் போவார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு தாள் கேட்டார். கோடு போட்ட தாளா, போடாததா என்று கேட்டேன். எது நல்லதோ அது என்றார். உன் முகவரியைச் சொல்லச் சொல்லி முதலில் உறையில் எழுதினார். பிறகு உட்கார்ந்து, "சாம்பல் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு அம்மாவிடம் காட்டினார்.

"குதிரையைப் பத்தி இவ எழுதுவா. நீங்க உங்களைப் பத்தி எழுதுங்க" என்றாள் அம்மா.

அந்த வரியை அடித்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். லாடம் அடிக்கும்போதுகூட அவர் நெற்றியில் அவ்வளவு வியர்வை பார்த்ததில்லை. நான் எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துவிட்டு, போய்க் குதிரைகளைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, சாம்பலுக்குக் குரல் கொடுத்துக் கழுத்தைத் தட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்றேன். "பிழையோடவே போகட்டும்" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. இரண்டு கடிதங்களையும் நாளைக் காலை ஒன்றாகத் தபாலில் சேர்க்கிறேன்.

லாயத்தில் விளக்குகளை அணைத்தாயிற்று. இப்போது வீட்டிலும் நான் எழுதுகிற இந்த ஒன்றைத் தவிர மற்ற விளக்குகளை அப்பா அணைத்துவிட்டார்.

உன் தங்கை